தரையில் உட்கார்ந்து விழுகிறவர்

கொக்கியை ஜன்னல் கம்பியில் மாட்டி, இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்த பிறகுதான் அவர் பாயில் சம்மணமிட்டு உட்காருவார். இடுப்பில், வேலைக்குப் போடும் அகலமான பெல்ட். அதிலிருந்து ஒரு கெஜம் கயிறு, கயிற்றின் நுனியில் அந்தக் கொக்கி. காலை ஆறரை மணிக்கு, துவைத்த பனியனும் அரைக்கால் சட்டையுமாக, கட்டிப் போட்ட கன்றுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருப்பார். வீடு தரைத்தளம். விழுந்தால் பாயிலிருந்து பாய்க்குத்தான் விழவேண்டும். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கண்ணை மூடினால் தரை நழுவுகிறதே.

தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பது தொழில். பத்தொன்பது வருடமாகக் கயிற்றில் தொங்கியே குடும்பத்தைக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறார். கையில் ரப்பர் பட்டை வைத்த கட்டை, தொடையோரம் சோப்புத் தண்ணீர் வாளி. உள்ளே கூட்டம் நடத்துகிறவர்கள் திடுக்கிட்டுப் பார்த்தால் கையாட்டுவார். “மேல ஏறிட்டா நிம்மதிப்பா. ஒருத்தனும் வந்து இதை எடு, அதை வைன்னு சொல்ல மாட்டான்” என்று பெருமை பேசியவர்தான். பக்கத்துக் கயிற்றில் எப்போதும் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருட ஜோடி. மைத்துனன் பாடிக்கொண்டே துடைப்பான். சுருதி மட்டும் எந்த மாடியிலும் சேராது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பதினான்காவது மாடி உயரத்தில், மைத்துனனின் கயிறு பட்டென்று விட்டது. கூடவே வரும் இரண்டாவது கயிறு பிடித்துக்கொண்டது. ஓர் ஆள் உயரம்கூட அவன் இறங்கவில்லை. வாளி மட்டும் கீழே போய்ச் சில்லுசில்லாகச் சிதறியது. அவன் இறங்கி வந்து டீ குடித்தான். “வாளிக்கு ஆயுசு அவ்வளவுதான் மாமா” என்று சிரித்தான். இவரும் சிரித்தார். மொட்டைமாடி விளிம்பில் கயிறு உரசி அறுந்துவிடாமலிருக்க, அதன் அடியில் தடித்த சாக்கை மடித்து வைத்துக் கட்டுவது வழக்கம். மேலே போய்ப் பார்த்தபோது அந்தச் சாக்கு நாலடி தள்ளிக் கிடந்தது. மேற்பார்வையாளர் பழியைக் காற்றின் மேல் போட்டு, தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினார். காலடியில் குளியலறை இல்லை. குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கண்ணாக மூடித்தான் முகம் கழுவுகிறார். வலது பக்கம் கழுவும்போது இடது கண் காவல். பிறகு காவல் மாறும். தும்மல் வந்தால் முதலில் சுவரைத் தேடுகிறார். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறார். பார்க்கச் சிரிப்பு வரும். கிட்டே போய் அவர் முகத்தைப் பார்த்தால் வந்த சிரிப்பு உள்ளே போய்விடும்.

போய்க் காட்டியபோது மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும், பிறகு மெதுவாகக் கொஞ்சம் உடற்பயிற்சி. “என்ன நினைப்பு வந்தாலும் வரட்டும், தள்ளாதீங்க. ரொம்ப பயமா இருந்தா எதையாவது பிடிச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பினார். பிடித்துக்கொள்ளத்தானே, அதற்கென்றே வீட்டில் ஒரு பெல்ட் இருக்கிறதே என்று இவராக முடிவு செய்துகொண்டார். அதை மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கைபேசியில் ஒரு பெண்குரல் பயிற்சி சொல்லித் தருகிறது. குழைந்து குழைந்து பேசும் குரல். “உடலைத் தளர்த்துங்கள். பிடித்து வைத்திருப்பதையெல்லாம் அப்படியே விட்டுவிடுங்கள்” என்கிறது. “விட்டா என்ன ஆகும்னு அந்தம்மாவுக்கு யாராவது சொல்லுங்கப்பா” என்று முதல் நாள் முணுமுணுத்தார். இருந்தாலும் ஒரு நாள் தவறுவதில்லை. மூன்றாவது மூச்சில் நெற்றியில் வியர்வை அரும்பும். ஐந்தாவதில் கை தானாகப் போய்க் கயிற்றைப் பிடிக்கும். ஏழாவது மூச்சைத் தாண்டியது இதுவரை நாலே நாள்.

உடற்பயிற்சியில் அவ்வளவு பயமில்லை, கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம். கழுத்தை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் திருப்புவார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவார். இரண்டு கையையும் மெல்ல உயர்த்தச் சொன்னால், வலது கை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் காற்றில் வளைவு போட்டுக் கண்ணாடி துடைக்கும். தரையில் முட்டி போட்டு, கையூன்றி, முதுகை வளைத்து நிமிர்த்தும்போது மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது மனைவியின் வேலை. கிண்டலையும் வேளை தவறாமல் கொடுப்பார்.

“என்னங்க தேடுறீங்க? உங்க தைரியம் பாய்க்கு அடியிலதான் எங்கயாவது போயிருக்கும்.”

“நீ போய் வேலையைப் பாரு. இது டாக்டர் சொன்னது.”

“கயிறு கட்டிக்கிட்டு உக்காரச் சொன்னதும் டாக்டரா?”

கேட்பதென்னவோ இப்படித்தான். ஆனால் தினமும் அந்தக் கொக்கியைத் துணியால் துடைத்து ஜன்னலோரம் எடுத்து வைப்பது மனைவிதான்.

மனைவிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தான் விழுந்துவிடுவோம் என்பதல்ல அவருடைய பயம். மைத்துனனின் கயிற்றுக்கு அடியில் சாக்கு வைத்துக் கட்டுவது அவர் வேலை, பன்னிரண்டு வருடமாக. அன்று காலை மொட்டைமாடியில் காவலாளியோடு தண்ணீர்க் குழாய் விஷயமாக வாய்ச்சண்டை. சண்டை போட்டுக்கொண்டே சாக்கை மடித்தது நினைவிருக்கிறது. விளிம்பில் வைத்தது நினைவிருக்கிறது. கட்டினாரா? எத்தனையோ வருடமாகக் கை தானாகவே செய்த வேலை, அன்றும் செய்திருக்கும். செய்யாமலும் இருந்திருக்கலாம். கண்ணை மூடினால் அந்த விளிம்பும் தன்னுடைய இரண்டு கைகளும் பளிச்சென்று தெரிகின்றன. கைகள் சாக்கை வைக்கின்றன. அதற்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை. அந்த இடத்தில்தான் தரை நழுவுகிறது. “கை கழுவும்போது, கை கழுவுகிறோம் என்று அறிந்து கழுவுங்கள்” என்று அந்தப் பெண்குரல் சொல்லும்போதெல்லாம் இவர் கண்ணைத் திறந்து தன் கைகளைப் பார்த்துக்கொள்வார்.

கம்பெனி கொடுத்த கெடு திங்கட்கிழமை. அன்று அவர் மேலே ஏறியாக வேண்டும். ஜோடி இல்லாமல் ஏறக்கூடாது என்பது விதி. வேறு ஜோடியோடு ஏற மாட்டேன் என்பது மைத்துனனின் பிடிவாதம். இரண்டு மாதமாகத் தரையில் நின்று வாசல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். “மாமா கட்டின கயிறுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன்க்கா” என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். மனைவி அதைப் பூரிப்போடு வந்து சொன்ன மறுநாள், இவரால் மூன்றாவது மூச்சைக்கூடத் தொட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனே வந்தான். கொக்கியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மாமா, காத்து பலமா அடிக்குதா இங்க? நகருங்க, நானும் உக்கார்றேன்” என்று பாயில் பாதியைப் பறித்துக்கொண்டான். கைபேசி பேசத் தொடங்கியது. அடுப்படியில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. வியர்வை வந்தது. நான்கு. ஐந்தில் கை கயிற்றுக்குப் போனது, அவர் கண்ணைத் திறந்துவிட்டார். பக்கத்தில் மைத்துனன் கண்ணை மூடி, கைகளை மடியில் போட்டு, பால் குடித்து முடித்த குழந்தை மாதிரி நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பது தெரிந்தது. நாளைக்கு இந்த உயிர் தன் கையை நம்பிப் பதினான்கு மாடிக்கு மேலிருந்து இறங்கும். அவர் அந்த நினைப்பைத் தள்ளவில்லை.

“மாப்ள.”

“ம்.”

“அன்னைக்கு அந்தச் சாக்கு... அதை நான் கட்டினேனான்னு எனக்கு ஞாபகமே இல்லடா.”

“எந்தச் சாக்கு மாமா?” கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

“உன் கயிறு விட்டுச்சே, அதுக்கு அடியில வைக்கிற சாக்கு. காத்துதான் தள்ளுச்சோ, நான்தான் கட்டாம விட்டேனோ. ரெண்டு மாசமா உக்காந்து உக்காந்து பார்க்கிறேன், தெரியல மாப்ள. எனக்குத் தெரியவே இல்ல.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கைபேசிக் குரல் மட்டும் உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் பற்றித் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. மைத்துனன் முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மூடிய இமைகளுக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடின. பிறகு, மடியில் கிடந்த அவனுடைய இரண்டு கைகளும் மெதுவாக இறங்கின. பாய்க்கு வெளியே, இரண்டு பக்கமும், உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, விரல் நுனிகள் வெளுக்கும் வரை அழுத்திக்கொண்டான்.