அக்காவின் பாட்டுக்கு அடித்த பெரட்டு மணி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை வைக்க மேசை இல்லை. அம்மா மாவு டின்களை அடுக்கி வைத்திருந்த பலகைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்தேன். ரெம்பாவ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு செனவாங்கில் மின்பொருள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மம்பாவில் இருந்த ஒரு ஹோட்டல் வாத்தியக்காரர் வாசிப்பை விட்டுவிட்டு மளிகைக் கடை வைக்கப் போனார். அவருடைய பழைய சாமான்களை நான் வாங்கிக்கொண்டேன்: ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், சாம்ப்ளர் என்கிற கறுப்புப் பெட்டி. பஸ்ஸில் மூன்று நடையாகக் கொண்டுவந்து சேர்த்தேன். நான் வீடியோ டேப் வாடகைக்கு விடப்போகிறேன் என்று தோட்டத்தில் பேச்சு கிளம்பி, இரண்டு பேர் படம் கேட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

அந்தக் கறுப்புப் பெட்டிக்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. நாம் கொடுப்பதை வைத்துக்கொள்ளும். மைக்கை நீட்டி, உறுமியில் ஒரே ஒரு அடி அடித்தால் அந்த அடி கீபோர்டின் ஒரு கட்டையில் போய் உட்காரும். பிறகு கட்டையைத் தொட்டால் உறுமி பேசும். கம்ப்யூட்டரோ சத்தத்தின் பக்கமே போகாது. நான் வாசிக்கும்போது எந்தக் கட்டை, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். மிடி என்று அதற்குப் பெயர். அப்புறம் அது எழுதி வைத்தபடி ஒவ்வொரு கட்டையாகக் கூப்பிட, பெட்டி சத்தம் கொடுக்கும்.

இதை அக்காவுக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அவள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் பால் எடுக்கிறவள். கேட்டுக்கொண்டே உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவள், கடைசியில் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“பெரட்டு மாதிரின்னு சொல்லேன்லா. இதுக்குப் போயி இவ்ளோ நேரமா.”

பெரட்டு என்றால் விடியுமுன் தோட்டத்து ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பேர் வாசிப்பது. ஆட்களை மேய்க்கிற மண்டோர் நோட்டைப் பார்த்துக் கூப்பிடுவார். முகத்தைப் பார்க்க மாட்டார். ‘இருக்கேன்’ என்று ஒரு குரல் வந்தால் போதும், அன்றைய கூலிக்குப் பேர் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். காய்ச்சலில் கிடந்த சிநேகிதிக்காகக் குரலை மாற்றி அக்காவே ஒரு தரம் ‘இருக்கேன்’ சொல்லியிருக்கிறாள். உன் கம்ப்யூட்டர்தான் மண்டோர், அந்தப் பொட்டிதான் நாங்கள், யார் நிற்கிறார்கள் என்று மண்டோருக்குத் தெரியாது என்றாள். கம்ப்யூட்டரோடு வந்த தடிப் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. மறுவாரமே அப்பா வெட்டிவந்த மர நிரையை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போனாள். நான் ஐந்தாம் பாரம் வரை போய்ப் பள்ளிக்கூடத்தை முடித்தது அதனால்தான். நான் சட்டையில் பேனா குத்திக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிற காலத்திலும் அவள் கொசுவுக்குக் கொசுவத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். பதினாறு வருடம். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் திட்டுவாள்.

அவள் நன்றாகப் பாடுவாள். தம்பி சொல்கிறேன் என்று தள்ளிவிட வேண்டாம். அவள் பாட்டைக் குறை சொன்னவர்கள் எங்கள் தோட்டத்தில் யாருமில்லை, மற்ற எல்லாவற்றையும் குறை சொல்லுகிறவர்கள் அவர்கள். அந்த வருடம் கோயில் திருவிழாக் கலை நிகழ்ச்சிக்கு சிரம்பானிலிருந்து ஒருவர் வருவதாகக் கோயில் தலைவர் சொன்னார். கல்யாண இசைக்குழு நடத்துகிறவர். அவர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாளாம். அவருக்கே சிரம்பானில் தையல் கடையும் இருந்தது. குழுவில் பாடுகிற பெண்ணுக்கு வார நாளில் அங்கே வேலை. அக்காவை அவருக்குப் பிடித்துவிட்டால் காட்டு வேலை தீர்ந்தது. பிடிக்காவிட்டால் மறுநாள் பெரட்டு மணி அடித்ததும் பழையபடி பால் வாளி. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

பாட்டை அக்காவே கட்டினாள். கை காட்டினால் நிற்காமல் போகும் ரெம்பாவ் பஸ்ஸைத் திட்டுகிற வேடிக்கைப் பாட்டு. கவிழ்த்துப் போட்ட பால் வாளியில் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினாள். மெதுவாக மூன்று அடி, பிறகு படபடவென்று ஓடுகிற அடிகள், மறுபடியும் மெதுவாக மூன்று. கோயில் உறுமிக்காரரிடம் ஒவ்வொரு அடியாக வாங்கிப் பெட்டியில் ஏற்றி, ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தேன். அக்காவின் தாளத்தைக் கீபோர்டில் வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிந்தேன். முன்னே பின்னே விழுகிற அடிகளை நேராக்கிவிடும் வசதி கம்ப்யூட்டரில் உண்டு. அதைப் போட்டுக் காட்டினேன். கவர்மெண்ட் ஆபீசர் அடிக்கிற மாதிரி இருக்கிறது, எடு என்றாள். எடுத்துவிட்டேன்.

இங்கேதான் என் புத்தி கொஞ்சம் புல் மேயப் போனது. ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை, வேலை வெட்டி இல்லாமல், இன்னொரு டிஸ்க்கில் வேடிக்கைச் சத்தங்களைச் சேர்த்தேன். பெரட்டுக் களத்து மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை ஒரு அடி. அதுதான் எங்கள் தோட்டத்து மணி. அக்காவின் வாளியில் ஒரு தட்டு. அப்புறம் மண்டோரின் இருமல். எங்கள் லயம், அதாவது ஆட்களின் வீட்டு வரிசை, களத்துக்கு நேர் எதிரே. சத்தம் அதிகம் என்று புகார் சொல்ல அவர் வீட்டுக்கு வந்தபோது மைக் திறந்திருந்தது. அவர் பேச்சைத் தொடங்குமுன் எப்போதும் போல ஒரு தரம் இருமினார், பிடித்துக்கொண்டேன். உறுமியின் அடிகள் இருந்த அதே கட்டைகளிலேயே இவற்றையும் வைத்தேன், எனக்கு அந்த மூன்று கட்டைதான் பழக்கம். இரண்டு டிஸ்க்கும் நீல நிறம். சோற்றுப் பசையால் பேப்பர் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தேன். அந்தப் பசையைக் கரப்பான் தின்னும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருவிழாவன்று மாலை பெரட்டுக் களத்தில்தான் மேடை. தோட்டத்தில் அவ்வளவு பெரிய இடம் வேறு இல்லை. தண்டவாளத் துண்டு மேடைக்குப் பத்தடி தள்ளி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசை நாற்காலியில் கோயில் தலைவர், சிரம்பான்காரர், பக்கத்தில் மண்டோர். பின்னால் பாயிலும் தரையிலும் தோட்டமே உட்கார்ந்திருந்தது. வெயில் முற்றிலும் போகவில்லை. அக்கா கத்தரிப்பூ நிறச் சேலையில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து யாரோ டீ போட மின்சார அடுப்பைச் செருகினார்கள். விளக்குகள் ஒரு கணம் செத்துப் பிழைத்தன. கம்ப்யூட்டரும் பெட்டியும் எல்லாவற்றையும் மறந்துவிட்டன. கரண்டு போனால் அவற்றுக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. பாட்டு இருந்த டிஸ்க் கறுப்பு, அதைச் சரியாகப் போட்டேன். சத்தத்தின் டிஸ்க் இரண்டும் நீலம், கரப்பான் பசையைத் தின்றதில் பெயர் எழுதிய பேப்பர் உதிர்ந்து இரண்டும் மொட்டை. கூட்டம் கை தட்டத் தொடங்கிவிட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துச் செருகினேன். ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதற்றத்தில் நேரே பாட்டைத் தட்டிவிட்டேன்.

டாங். டாங். டாங். பிறகு படபடவென்று.

ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலிருந்தும் பெரட்டு மணி. தோட்டம் எழுந்து நின்றது. மிகைப்படுத்தவில்லை, பாயில் இருந்த பெண்கள் எழுந்தார்கள், கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்தார்கள், இரண்டு மூன்று பெண்களின் கை தலைத்துணியைத் தேடி உச்சந்தலைக்குப் போயிற்று. யாரும் சொல்லாமலே வரிசை கட்டத் தொடங்கினார்கள். சிலர் மரத்தில் தொங்கிய தண்டவாளத்தைப் பார்த்தார்கள், அங்கே யாருமில்லை. மண்டோர் எழுந்து சட்டைப் பையில் நோட்டைத் தேடினார். அந்தச் சமயம் அவருடைய இருமலே ஸ்பீக்கரில் வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பட்டு வேட்டியில் சிரம்பான்காரர் மட்டும் உட்கார்ந்தபடி, என்ன தீவிபத்தா என்று சுற்றிலும் பார்த்தார்.

அக்காவின் பதினாறு வருடத்தை ஒரு டிஸ்க்கால் கெடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. நிறுத்தும் கட்டைக்குக் கையைக் கொண்டுபோனேன். அக்கா திரும்பாமலே இடது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி, விடு என்று காட்டினாள். மைக்கை வாய்க்கருகே இழுத்தாள். மண்டோர் தினமும் பேர் வாசித்து முடித்ததும் ஆட்களை அனுப்புகிற அதே சாவகாசக் குரலில் பேசினாள்:

“பெரட்டு முடிஞ்சிருச்சு. இன்னிக்கு எல்லாருக்கும் பேரு போட்டாச்சு. உக்காருங்க.”

பிறகு சிரிப்பு, பாயில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். மண்டோரும் சிரித்தார், சிரித்ததில் நிஜமாகவே இருமினார், அதற்கு இன்னும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குமுன் மறுபடியும் மெதுவான மூன்று மணி வந்தது. அக்கா சரியாக அந்த இடத்தில் பாட்டைப் பிடித்தாள். மணி, வாளி, இருமல் மூன்றும் உறுமியின் இடத்தில் நின்று ‘இருக்கேன்’ சொல்லிக்கொண்டிருந்தன. தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை, தாளத்தை எழுதி வைத்திருந்தது கம்ப்யூட்டர்தானே. பஸ் நிற்காமல் போகிற இடத்தில் வாளி தட்டியது. கண்டக்டர் கை விரிக்கிற இடத்தில் மண்டோர் இருமினார். நாங்கள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அப்படி அமைந்திருக்காது.

அக்கா பாடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மெதுவாக மூன்று, பிறகு ஓட்டம். தினமும் விடியற்காலையில் காவலாளி தண்டவாளத்தை அப்படித்தான் அடிப்பார். அக்கா வாளியில் தட்டிக் காட்டியது மணியின் தாளம். அதனால்தான் கூட்டம் எழுந்தது. பிற்பாடு கேட்டபோது, அது தனக்கே தெரியாது என்றாள். அப்புறம், வேறு எந்தத் தாளம் தனக்குத் தெரியும் என்று கேட்டாள். அதைக் கேட்டு நான் முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

சிரம்பான்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் என்னைத் தாண்டி அக்காவிடம் போனார். முன்பு இருந்த பெண் நல்ல பாட்டுக்காரிதானாம்; ஆனால் மைக் ஒருமுறை கரகரத்தாலே அழுதுகொண்டு இறங்கிவிடுவாளாம்.

“கொரலு நல்லா இருக்கும்மா, அது வேற. மேடை கவுந்தாலும் நீங்க கவுழ மாட்டீங்க. எனக்கு அதான் வேணும்.”

அடுத்த மாதம் முதல் தேதி கடைக்கு வந்துவிடச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, தங்கள் குழுவில் வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள், இந்தப் பொட்டி வேண்டாம் என்றார். எனக்கு இரண்டு நாள் உறைத்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. அவர் கேட்க வந்தது அக்காவைத்தான், அவளைத்தான் கேட்டார்.

அக்கா தோட்டத்து ஆபீசில் சொல்லி, மாதக் கடைசி வரை மரம் வெட்டினாள். உளியையும் வாளியையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வந்து, மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புடவை மடித்து வைத்தாள். பஸ் எட்டு மணிக்கு. அன்றிரவு எல்லோரும் சீக்கிரமே படுத்துவிட்டோம்.

விடியுமுன் மணி அடித்தது. மெதுவாக மூன்று, பிறகு படபடவென்று. நான் விழித்தபோது அக்கா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் சரியாகத் திறக்கவில்லை, கை மட்டும் தலைத்துணியைக் கட்டி முடித்துவிட்டது. எழுந்திருக்க ஒரு காலை ஊன்றினாள்.

“பெரட்டு முடிஞ்சிருச்சுக்கா,” என்றேன். “உக்காரு.”

என்னைப் பார்த்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு தலைத்துணியை மெல்ல அவிழ்த்து, அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். எதிரே களத்தில் மண்டோர் பேர் வாசிப்பது கேட்டது. பழக்கதோஷத்தில் அக்காவின் பேரையும் வாசித்தார். யாரும் ‘இருக்கேன்’ சொல்லவில்லை. அவர் ஒரு தரம் இருமிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.