கண்டீன் அக்காவின் கால்கள்

பாலிக் புலாவில் கண்டீன் அக்கா இப்போது நடத்தும் மீ நூடுல்ஸ் கடையின் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. மேல்பாதி வெள்ளைத் தாள், கீழ்ப்பாதி அட்டைப்பெட்டியின் துண்டு. ஒட்டிய கோடு கோணலாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், என்னை நினைத்துத்தான்.

ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஓவியம் கற்பிக்கத் தொடங்கிய புதிது. எதை வரையச் சொன்னாலும் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு குடிசை வரைந்து நீட்டுவார்கள். அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் குடிசை எங்கிருந்து வந்ததோ. கண்ணால் பார்ப்பதை மட்டுமே வரைய வேண்டும் என்று நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் கண்டீன் அக்காவை வகுப்புக்கு வந்து மாதிரியாக உட்காரச் சொன்னேன். தன்னை யாரும் வரைந்ததே இல்லை என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மாம்பழ நிறப் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்தார். ஒரு படத்தை வீட்டில் மாட்டப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தார். தாள்களை வாங்கிப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றில்கூடப் பட்டுப்புடவை இல்லை. எல்லாவற்றிலும் ஏப்ரன், கரண்டி, மீ தட்டு. இடுப்போடு படம் முடிந்துவிட்டது. தினமும் கவுண்டருக்கு மேலே தெரியும் அக்காவைத்தான் வரைந்திருந்தார்கள். அவர் மனம் நோகுமே என்று தாள்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் விடவில்லை, பிடுங்கிக்கொண்டார்.

"இது மிளகா வேணாம்னு அழுவுற புள்ள. இது முட்ட ரெண்டு கேக்குறவன்," என்று தட்டைப் பார்த்தே வரைந்தவர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில்தான், "எல்லாஞ் சரி லா டீச்சர், என் காலு எங்க?" என்றார்.

மறுநாள் வகுப்பையே கவுண்டருக்குப் பின்னால் அழைத்துப்போனேன். விடியலிலிருந்து நின்று வீங்கிய பாதங்களைப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். நானும்தான். அங்கே கிடந்த அட்டையில் ஒரு சிறுமி அந்தக் கால்களை வரைந்து, தன் படத்தின் கீழே ஒட்டினாள். கால்களுக்குப் பின்னால் ஒரு சிவப்பு நாற்காலியும் இருந்தது. அடுப்படியில் இல்லாத நாற்காலியை ஏன் வரைந்தாய் என்று கேட்டேன்.

"அக்காவுக்குக் கால் வலிக்கும்ல டீச்சர்."

பார்ப்பதை மட்டும் வரை என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் படத்தைத்தான் அக்கா வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன வாரம் கடைக்குப் போனேன். இப்போது மீ பிரட்டுவது அவர் மகன். அக்கா படத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நாலு கட ஏறி எறங்கி வாங்குனேன் டீச்சர்," என்றார். "கலர் சரியா இருக்கா, பாருங்க."