அம்மாவின் கடைசிச் செய்திக்குக் கீழே

அம்மா ஜன்னல் திரைகள் தைத்து விற்றாள். கடை கிடையாது. ஒரு மாடிக்கூடம், மூன்று தையல் மெஷின்கள், ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஒரு வாட்ஸ்அப் குழு. நிறுவனம் இவ்வளவுதான்.

குழுவில் துணி வெட்டும் அண்ணன், தைக்கும் அக்கா, ஜன்னல் அளந்து கம்பி மாட்டும் ஏணி, அம்மா, நான். ஏணி என்பது பட்டப்பெயர், ஆள் குள்ளம். நான் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிப்பவள். பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்த பாவத்துக்கு அம்மா என்னையும் சேர்த்துவிட்டாள். படிப்பேனே தவிர எழுதியதில்லை.

ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் வேலைப் பேச்சு குழுவில்தான் நடக்கும். மெஷின் சத்தத்தில் அளவு மாறிக் காதில் விழும் என்பது அம்மாவின் கட்சி. வாடிக்கையாளர்களுக்குக் குரல் செய்தி அனுப்புவாள்: "நீங்க சொல்ற அளவுக்கு ஜன்னல் வீட்டை விடப் பெருசா இருக்கும் போல. கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னொரு தரம் அளங்க சார்."

ஒரு சட்டம் இருந்தது. ஒரு துணியைக் கெடுத்தவரே அதைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். பிறகு எல்லோரும் பார்க்கும் பக்கத்திலும் அது வரும். முதல் படம் அம்மாவுடையது. இஸ்திரிப் பெட்டி கருக்கிய பச்சைத் துணி. கீழே, "இது நான் கருக்கியது. வேறு துணியில் தைத்துக்கொண்டிருக்கிறேன்."

"எடுத்துடும்மா. பார்த்தா யாரு வருவாங்க?" என்றேன்.

"நல்லா தைச்சதை எல்லாரும்தான் போடுறாங்க. கெட்டுப்போனா என்ன பண்ணுவாங்கன்னு தெரிய வேணாமா? நீ போய் உன் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழு."

வந்தார்கள்.

அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். குழுவில் கடைசியாக அவள் எழுதியது: "மூணாவது மெஷினுக்கு எண்ணெய் விடுங்க. மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்."

அதற்குக் கீழே யாரும் எழுதவில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. வேலை மட்டும் நடந்தது. ஒரு புதிய நூலகத்துக்கான திரைகள் பாதியில் நின்றிருந்தன. அம்மா பிடித்ததிலேயே பெரிய வேலை. நூலகத்தின் பொறுப்பாளர், திரைகள் தரை வரை வேண்டும் என்று மாற்றிச் சொன்னார். ஏணி அதைப் போனில் அக்காவிடம் சொன்னார். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும் என்று அக்கா இருந்துவிட்டார். அண்ணன் அத்தனை துணியையும் பழைய அளவுக்கே வெட்டி முடித்தார்.

அந்தத் துணி இனி எங்கும் கிடைக்காது. இந்த வேலை கைநழுவினால் கூடத்தை மூட வேண்டியதுதான்.

நான் கூடத்துக்குப் போனபோது மூவரும் வெட்டுமேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"குழுவுல போட்டிருக்கலாமே?" என்றேன்.

"எப்படி பாப்பா போடுறது?" என்றார் ஏணி. "போட்டா அம்மா பேசினது மேல போயிடும்ல."

ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது என் தொழில். இங்கே நான்கு பேர் இருந்தும் இணைப்பு அறுந்து கிடந்தது.

குட்டைத் துணியைப் படம் எடுத்தேன். அனுப்ப விரல் எழவில்லை. அண்ணன் தன் போனை எடுத்தார்.

"வெட்டினது நான். நான்தானே போடணும்?"

அவரே ஒரு படம் எடுத்து, ஒற்றை விரலால் தட்டினார். எங்கள் போன்கள் ஒன்றாக ஒலித்தன. "எல்லாம் குட்டையா வெட்டிட்டேன்."

சற்றுப் பொறுத்து அக்காவின் படம் வந்தது. குட்டைத் துணியின் கீழே கருநீலத் துணி பிடித்திருந்தார். "கீழே அகலமா இப்படிப் பட்டை வச்சா?"

"கூட்டுறப்போ அழுக்கும் தெரியாது" என்று எழுதினார் ஏணி.

"நீ என்னிக்குடா விளக்குமாறு பிடிச்ச?" இது அண்ணன்.

எதிரெதிரே நின்றபடிதான் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் ஏற்றி, பொறுப்பாளருக்கும் அனுப்பினேன். அவர் பதிலில் சிரிப்பு இல்லை: "ஒன்று தைத்து மாட்டிக் காட்டுங்கள். பிறகு சொல்கிறேன்."

மறுநாள் நூலகத்தில் ஏணி மாட்டினார், நானும் கூடப் போயிருந்தேன். பொறுப்பாளர் தள்ளி நின்று பார்த்தார். திரையை இழுத்து மூடினார், திறந்தார். "மற்றதும் இப்படியே இருக்கட்டும்."

செய்தியைக் கேட்டதும் கூடத்தில் மெஷின் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் குழுவில் அக்கா எழுதினார்: "நீல நூல் தீரப் போகுது. யார் வாங்கிட்டு வர்றீங்க?"

வாங்கி வருவது எப்போதும் அம்மாதான்.

"நான் வாங்கிட்டு வரேன்" என்று எழுதினேன்.

"நீலம்னா கருநீலம்" என்றார் அக்கா. "கடைக்குப் போய்ப் படம் அனுப்பு. உன்னை நம்ப முடியாது."