பௌர்ணமின்னா எந்த ராத்திரி?

சாஃப்ட்வேர் புராஜெக்ட் மேனேஜர் என்பது, தான் எழுதாத புரோகிராமுக்குத் தான் திட்டு வாங்கும் உத்தியோகம். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாங்காதவர்கள் இன்னும் வேலையில் சேரவில்லை என்று அர்த்தம்.

சென்னைக் கம்பெனியை விட்டுவிட்டு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நாலு பேரோடு சொந்த ஆபீஸ் போட்டவள் நான். முதல் கஸ்டமர் திருவண்ணாமலையில் லாட்ஜ் வைத்திருக்கும் ஏழுமலை சார். ரூம் புக்கிங்குக்கு சாஃப்ட்வேர் கேட்டார். "பௌர்ணமிக்கு ஒரே ஒரு குடும்பம் ரூம் இல்லாம ரோட்ல நின்னாலும், மறுநாளே பழைய நோட்டுக்குப் போயிடுவேன்" என்றும் சொல்லிவைத்தார். முதல் கஸ்டமரே கைவிட்டுவிட்டால் இந்த ஊரில் அப்புறம் யார் நம்மைக் கூப்பிடுவார்கள்?

தொண்ணூறு பக்கம்

முதலில் பழைய முறையில்தான் இறங்கினேன். என்னென்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, அதன்படியே கடைசிவரை செய்து முடிப்பது. மொத்தம் தொண்ணூறு பக்கம். ஸ்பைரல் பைண்டிங் வேறு! ஏழுமலை சார் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். ஒருவாட்டி படித்துவிடுங்கள் சார் என்று கெஞ்சினேன்.

"இவ்ளோ ஜாஸ்தியா எழுதியிருக்கீங்க, தப்பாவா இருக்கப் போவுது?"

நின்றபடி ஒரு கூட்டம்

மூன்று மாதம் கழித்துக் கொண்டுபோய்க் காட்டினோம். ரிசப்ஷனில் இருக்கும் சரஸ்வதி அக்கா, பேர் போடுவதற்குள் ஆள் பக்கத்து லாட்ஜுக்குப் போய்விடுவார் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சரி, இனிமேல் அஜைல்தான் என்று முடிவெடுத்தேன். கொஞ்சம் செய்வது, காட்டுவது, திருத்துவது. அதில் தினமும் காலையில் எல்லோரும் நின்றுகொண்டே பத்து நிமிஷம் பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளர்ந்துகொண்டே போகும் இல்லையா, அதற்காக.

அக்காவையும் வரச்சொன்னேன். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வட்டமாக நின்றோம். வாசலிலேயே தயங்கிய அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"நிக்க வச்சிக் கேக்கறீங்களே, நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

ஓட்டம்

அன்றிலிருந்து அக்காவுக்கு மட்டும் நாற்காலி. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு வேலை என்று பிரித்துக்கொண்டோம். இதற்கு ஸ்பிரின்ட், அதாவது வேக ஓட்டம் என்று பேர் என ஏழுமலை சாருக்கு விளக்கினேன். அமாவாசைக்கு ஆரம்பித்துப் பௌர்ணமிக்கு முடிக்கிற கணக்கு என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். அந்தப் பேர்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மலை சுத்தறப்போ யாரும் ஓட மாட்டாங்க மேடம். ஓடினா பாதியிலயே உக்காந்துடுவாங்க."

நாற்பத்து மூன்றாம் பக்கம்

எல்லாம் ஜோராகப் போனது. ஆன்லைன் புக்கிங்கும் ஆரம்பித்துவிட்டது. பௌர்ணமிக்கு நாலு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, அக்கா எதேச்சையாகத் திரையைப் பார்த்துவிட்டு, "பௌர்ணமின்னு போட்டா சனிக்கிழமை மட்டும் வருதே?" என்றார். புரோகிராம் எழுதிய தினேஷ், காலண்டரில் அப்படித்தான் இருக்கிறது என்றான். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். திதி வெள்ளி சாயந்தரமே பிறந்துவிடுகிறதாம். பாதிப் பேர் வெள்ளி ராத்திரிதான் நடப்பார்கள். போனில் யார் ரூம் கேட்டாலும் அக்கா முதலில் கேட்பது, எந்த ராத்திரி நடக்கறீங்க என்பதைத்தானாம்.

பௌர்ணமிக்குப் புக் செய்திருந்த முப்பத்தோரு குடும்பம், எல்லோரும் சனிக்கிழமையில்! வெள்ளிக்கிழமை ரூம்கள் காலி என்று வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது எங்கள் சாஃப்ட்வேர். தினேஷ் ஓடிப்போய் அந்தத் தொண்ணூறு பக்கத்தை எடுத்துவந்தான். நாற்பத்து மூன்றாம் பக்கம், 'பௌர்ணமி: ஒரு நாள்'. கடைசிப் பக்கத்தில் சாரின் கையெழுத்து. இதைக் காட்டித் தப்பித்துவிடலாம் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன். அக்கா என்னையே பார்த்தார்.

"ரோட்ல நிக்கற குடும்பத்துக்கும் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவீங்களா மேடம்?"

வெள்ளி சாயந்தரம்

காட்டவில்லை. ஏழுமலை சாரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை விற்பனையை அந்த நிமிஷமே நிறுத்தினோம். அக்காவும் நானும் முப்பத்தோரு குடும்பத்துக்கும் போன் போட்டு, யார் வெள்ளி, யார் சனி என்று பிரித்தோம்; விற்காமல் மிச்சமிருந்த வெள்ளி ரூம்கள் சரியாகப் போதுமாக இருந்தன. தினேஷ் தேதிப் பெட்டியைத் தூக்கிவிட்டு, 'எந்த ராத்திரி நடக்கறீங்க?' என்று அக்கா கேட்கிற மாதிரியே கேள்வி வைத்தான். பழைய முறையாக இருந்தால், திருத்தம் கேட்டு விண்ணப்பம் எழுதி முடிப்பதற்குள் அடுத்த பௌர்ணமி வந்திருக்கும்.

வெள்ளி சாயந்தரம் ரிசப்ஷனிலேயே நின்றேன். வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாவி இருந்தது. ஏழுமலை சார், மேஜைமேல் தயாராக வைத்திருந்த பழைய நோட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அக்காவுக்கு வழக்கம்போல நாற்காலி போட்டேன். அவரே அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு வட்டத்தில் வந்து நின்றார்.

"இருக்கட்டும் மேடம், இன்னைக்கு நான் எந்தத் தப்பும் பண்ணல."

ஆக, தொண்ணூறு பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கத் தெரிந்த எனக்கு, ரிசப்ஷனில் இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிவதற்கு ஒரு பௌர்ணமி தேவைப்பட்டது.