கபடிக்கு எழுதிய ஓய்வு

எழுபதுகளின் கடைசியில், போடி மலையடிவாரத்தில் ஒரு காவல் நிலையத்தில் நான் போலீஸ்காரன். கபடியில் ரெய்டு போக என்னை விட்டால் ஆள் கிடையாது என்ற தலைக்கனம் அப்போது நிறையவே இருந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். ஆடச் சொல்வது இன்ஸ்பெக்டர்தான். ஆனால் வாயால்தான் சொல்வார். பதிவேட்டில் பணி என்று இருந்தால் ஆட்டம் முடிந்த கையோடு பாராவுக்கு நிற்கச் சொல்வார்கள் என்பதால், நாங்களே ‘ஓய்வு’ என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குவோம். நானும் பதிவேடு எழுதும் ரைட்டர் ஏட்டையாவைத் தாஜா பண்ணித்தான் வாங்கினேன்.

அந்த வருஷம் காவல் நிலையங்களுக்கு இடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் நான்கு பேர் என் மேல் விழுந்தார்கள். இடது முழங்கால் ஒரேயடியாகப் போயிற்று. என்னை ஜீப்பில் ஏற்றும்போது எங்கள் அணி ஜெயித்த கைதட்டல் கேட்டது.

போலீஸ் லைன் குடியிருப்பில் என் அறை கடைசி. முதல் மாதம், என்னோடு ஆடியவர்கள் ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். விடியலில் குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் கேட்கும்; அவை சாயங்காலம் திரும்பும்வரை வேறு சத்தமே இல்லை. யாராவது வரமாட்டார்களா என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பணியில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால் குணமாகும்வரை சம்பளத்தோடு விடுப்பு. வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர்கள் எழுதினாலும் பென்ஷன் உண்டு. விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். ஓய்வு. இன்ஸ்பெக்டரோ மாறுதலில் போய்விட்டார். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கூட ஆடியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி, “நாங்களா பிரியப்பட்டு ஆடுனதுதான்யா” என்றார்கள். உண்மையைச் சொன்னால், பொய்யாக ஓய்வு வாங்கிய குற்றம் அவர்கள் தலையிலும் விழும்.

ரைட்டர் ஏட்டையா மட்டும் அறைக்கு வந்தார். “நீதானப்பு எழுதச் சொல்லி நின்ன. இப்பத் திருத்துனா என் வேலை போயிரும்” என்றார். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது.

விண்ணப்பம் தள்ளுபடியானது. லாயக்கில்லை என்று எழுதி, பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சீருடையை ஒப்படைக்கப் போனேன். இன்ஸ்பெக்டர் அறை அலமாரியில், நிலையத்தின் பெயர் பொறித்த கோப்பையைத் துடைத்து வைத்திருந்தார்கள். பாராவில் நின்ற புதுப் போலீஸ்காரர் என் கைத்தடியைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நம்ம டீம் அந்தக் கப்பு அடிச்சப்ப நீங்களும் ஆடுனீங்களா?” என்று கேட்டார்.

“இல்லப்பா, அன்னைக்கு எனக்கு ஓய்வு” என்றேன்.