திரிங்காப்பில் ஒரு சவரக்கத்தி

மலையூரான திரிங்காப்பில், சாலையோரம் ஸ்டெல்லா அக்காவின் பூக்கடை முன் நிற்கிறேன். பழைய சவரக்கத்திகளைச் சீர்படுத்துவது என் தொழில் என்று பேச்சுவாக்கில் சொன்னதும், அவர் உள்ளே போய் ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து வருகிறார்.

"என் வீட்டுக்காரரோடது, தம்பி. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குல சேத்து வெள்ளம் வந்தப்ப வீட்டோட அவரையும் இழுத்துட்டுப் போயிருச்சு. ஆளு கெடைக்கவே இல்ல. இது மட்டும்தான் கெடைச்சிச்சு. மகனுக்கு இப்ப மீசை வந்துருச்சு. தீட்டிக் குடுங்க, அவன் வச்சுக்கட்டும்."

துருப்பிடித்த மடக்குக் கத்தியை மெல்லத் திறக்கிறேன். எண்ணெய்த் துணியால் தேய்த்ததும் அடிப்பகுதியில் கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு ஊர் முத்திரை தெரிகிறது. தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலத்தது, நல்ல எஃகு. விளிம்பில் நகத்தை ஓட்டுகிறேன். நடுவில் ஓரிடத்தில் சிக்குகிறது. அங்கிருந்து ஒரு விரிசல் கத்தியின் முதுகுவரை போயிருக்கிறது.

"சாணைக் கல்லுல வச்சா ரெண்டா ஒடைஞ்சுரும் அக்கா. ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் கத்தியைத் திரும்ப வாங்கவில்லை. கைப்பிடியை விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

"கைப்பிடி இடுக்குல அவரு முடி ஏதாச்சும் ஒட்டியிருக்கா, பாருங்க லா. அடக்கம் பண்ண எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

பழைய கத்திகளில் அந்த இடுக்கில் சோப்பும் முடியும் காய்ந்து கிடப்பதுண்டு. கைப்பேசி வெளிச்சத்தில் ஊசியால் கிளறி, அவர் உள்ளங்கையில் தட்டுகிறேன்.

காய்ந்த சேறுதான் உதிர்கிறது. அவர் விரல்களை மூடிக்கொள்கிறார்.