மாலா தோட்டம் வாடல

சொன்னா சிரிப்பீங்க, பரவாயில்ல. பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். ஜுருங்கிற ஊர்ல, நான் வேலை செய்யுற பேக்டரி பின்பக்கம் ஏதோ பொம்பள நடக்குறான்னு பசங்க பயந்து ஓடுனப்ப, போய் பாத்துட்டு, காத்துக்கு ஆடுற பிளாஸ்டிக் ஷீட்டுடான்னு சொன்னவன் நான்தான். அதனால இதையும் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

மாலா என் சம்சாரம். கிட்னி ரெண்டும் போயி, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். ஊசி குத்துன கைய அசைக்கக்கூடாது, மணிக்கணக்கா அப்படியே கெடக்கணும். பொழுது போகட்டுமேன்னு நான்தான் அவ போன்ல தோட்டம் போடுற கேம் ஒன்னு ஏத்திக் கொடுத்தேன். அவசரமே இல்லாத கேம், இன்னிக்கு சோளம் நட்டா நாளைக்குத்தான் முளைக்கும். என் போன்லயும் ஏத்திக்கிட்டேன். பக்கத்து பக்கத்து தோட்டம், ஒருத்தருக்கு ஒருத்தர் போய் தண்ணி ஊத்தலாம். ஆளுக்கு ஒரு குட்டி பொம்மை, அவளோடதுக்கு மஞ்சள் தொப்பி. யாரு அந்த நேரத்துல விளையாடுறாங்களோ அவங்க பொம்மைதான் மத்தவங்களுக்குத் தெரியும்.

நான் வேலையில இருக்கும்போது மெசேஜ் வரும். "என்னங்க, உங்க கத்தரி வாடுது லா, நான் தண்ணி ஊத்திட்டேன்." தானா எழுந்து குளிக்க முடியாதவ, என் கத்தரிக்கு தண்ணி ஊத்துவா.

கடைசியில ஒருநாள், "போதுங்க, எனக்கு அலுத்துப்போச்சு, நிம்மதியா படுத்துட்டா போதும்"னா. அந்த வாரமே போயிட்டா. இனி வலியில்ல, படுத்துட்டா, அது ஒன்னுதான் எனக்கு ஆறுதல்.

காரியம் முடிஞ்சதும் அவ தம்பி குமாரு, என் கண்ணு முன்னாலயே அவ போன்ல இருந்தது எல்லாத்தையும் அழிச்சிட்டு, அவன் மகளுக்கு ஆகும்னு புக்கிட் மெர்தாஜாம்ல இருக்குற அவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். அவ கேம் அந்தப் போன்ல மட்டும்தான் இருந்துச்சு, வேற எதுலயும் இல்ல.

அப்புறம் ஒரு லீவு நாள், மத்தியானம். எங்க ஆயர் ஈத்தாம் பக்கம் நல்ல மழை, பிளாட்ல நான் மட்டும். வாங்கி வந்த சோறு பிரிக்காமலே கெடக்கு. என்னமோ தோணுச்சு, கேமைத் திறந்தேன். என் தோட்டம் பூரா புல்லு மண்டி, எல்லாம் கருகிக் கெடந்துச்சு. அவளோடதும் இப்படித்தான் இருக்கும், கடைசியா ஒரு தடவ பாத்துட்டு அழிச்சிடலாம்னு போனா, நம்புனா நம்புங்க, பச்சப்பசேல்னு இருக்கு, மண்ணெல்லாம் ஈரம், கிணத்துக்கும் பாத்திக்கும் மஞ்சள் தொப்பி நடந்துட்டு இருக்கு.

கேமை மூடாமலே குமாருக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன்.

"டேய், அக்கா போன் எங்க?"

"இங்கதான் மாமா, மேசையில. சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்கு, ஏன்?"

"பாப்பா ஏதும் கேம் ஏத்துனாளா?"

"அவ இன்னும் தொடவே இல்ல மாமா. நீங்க சாப்டீங்களா?"

அவன் பேசப் பேச அது தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கு. மத்தவங்களா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்களோ என்னமோ. நான் ஓன்னு அழுதேன். செத்தும் அவளுக்கு ஓய்வு கெடைக்கலையேன்னு. 'மாலா, போதும்மா, படு'ன்னு அந்த கேமுக்குள்ளயே எழுதி அனுப்பினேன். நிக்கல. கேம்ல பரிசு அனுப்பலாம், ஒரு பெஞ்சு அனுப்பினேன்.

வாளியை வச்சிட்டு நின்னுச்சு. பெஞ்சைத் தூக்கிட்டு கேட்டைத் திறந்து என் தோட்டத்துக்கே வந்துச்சு. அந்தக் காஞ்ச புல்லுக்கு நடுவுல போட்டு, ஓரமா உக்காந்துச்சு. பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விட்டு.

போனை மூடிட்டேன். அழிக்கவும் மனசு வரல, திறக்கவும் தைரியம் இல்ல. மாசக்கணக்கா அப்படியே வச்சிருந்தேன்.

போன வாரம்தான் திறந்தேன். யாரு திறந்தாலும் அவங்க பொம்மை தோட்டத்து கேட் வாசல்லதான் நிக்கும், அப்படித்தான் அந்த கேம். என்னோடது அங்க இல்ல. அவ பக்கத்துல, பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. எங்க தட்டினாலும் எழுந்திரிக்கல.